வாசகர் கேள்வி – பதில்: குளிர்ந்த மண்ணில் வெப்பநாட்டுப் பனைகள்

கோடையில் மழையின்றிக் காற்று உலர்ந்து கிடப்பதும், குளிர்காலத்தில் உறைபனி அரிதாகவும் மழை அளவாகவும் இருப்பதுமான இடங்களில் வாழும் வாசகர்கள் பலர், வெப்பமண்டலப் பனைகளைத் தங்கள் தோட்டத்தில் வளர்க்க முயன்று, சிலவற்றைக் காப்பாற்றியும் பலவற்றை இழந்தும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் இந்த ஒரே பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறேன். தமிழில் பனை என்றால் ஒரு குறிப்பிட்ட மரத்தையே நாம் எண்ணுகிறோம். ஆனால் தென்னை, கமுகு, ஈச்சை, கூந்தற்பனை எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், கீழே வரும் பதில்களில் பனை என்ற சொல்லை அக்குடும்பம் முழுவதற்கும் பொதுவாகவே பயன்படுத்துகிறேன்.

கேள்வி: எங்கள் பகுதியில் உறைபனி விழுவதே இல்லை. குளிர்கால இரவுகளில் வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே இறங்கியதில்லை. அப்படியிருந்தும், முதல் ஆண்டில் செழிப்பாக வளர்ந்த தென்னங்கன்று இரண்டாம் குளிர்காலம் முடிந்து வெயில் வரத் தொடங்கியபோது வாடி இறந்துவிட்டது. குளிரெல்லாம் போன பிறகு அது ஏன் சாக வேண்டும்?

உறைபனி இல்லையென்றால் எந்தப் பனையும் பிழைத்துவிடும் என்ற நம்பிக்கையே இத்தகைய இடங்களில் மிக அதிகமான கன்றுகளைப் பலி கொண்டிருக்கிறது. உறைதலால் வரும் சேதமும் குளிர்ச்சியால் வரும் சேதமும் வெவ்வேறு. உறையும்போது திசுவுக்குள் பனிப்படிகங்கள் உருவாகி உயிரணுக்கள் கிழிகின்றன. அது ஓர் இரவிலேயே நிகழ்ந்து மறுநாளே கண்ணுக்குத் தெரிந்துவிடும். தென்னை போன்ற மரங்களோ, 0 டிகிரிக்கு வெகு மேலேயே, ஏறத்தாழ 10 டிகிரியை ஒட்டிய குளிர் வாரக்கணக்கில் நீடித்தாலே துன்பப்படத் தொடங்குகின்றன. அவற்றின் உயிரணுச் சவ்வுகளில் உள்ள கொழுப்புப் பொருள்கள் அந்த வெப்பநிலையில் இளக்கம் இழந்து இறுகுகின்றன. வேர்கள் நீரையும் ஊட்டத்தையும் உறிஞ்சும் வேகம் குறைந்து, பின்னர் அறவே நின்றுவிடுகிறது. இந்தச் சேதம் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும் இயல்புடையது. எனவே ஒரே ஓர் இரவின் கடுங்குளிரைவிட, சூடே ஏறாத மூன்று மாதங்கள்தான் தென்னைக்குப் பெரும் பகை.

தென்னை விரும்பும் சூழலின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸை ஒட்டியது. உங்கள் குளிர்காலத்தில் பகல் 18 டிகிரி, இரவு 6 டிகிரி என்று வைத்துக்கொண்டால், பகலில் நமக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு சாண் ஆழத்தில் உள்ள மண், பகலையும் இரவையும் கலந்த சராசரியான 12 டிகிரியை ஒட்டியே நாள் முழுவதும் கிடக்கும். வேர் வாழ்வது அந்த மண்ணில்தான். அதோடு குளிர்கால மழையும் சேர்ந்து மண்ணை நனைத்து வைக்கும்போது, செயலற்றுக் கிடக்கும் வேர்கள் காற்றோட்டமின்றி அழுகுகின்றன. மேலே ஓலைகள் அப்போதும் பச்சையாகவே இருக்கும். பிறகு வெயில் ஏறி, காற்று உலர்ந்து, ஓலைகள் நீரை வேகமாக ஆவியாக்கத் தொடங்கும்போது, அதற்கு ஈடுகொடுத்து நீர் அனுப்ப வேர் இல்லை. குளிரெல்லாம் போன பிறகு மரம் செத்ததாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது இறந்தது குளிர்காலத்தின் நடுவில், மண்ணுக்கடியில்.

முதல் ஆண்டில் அது செழித்ததற்கும் காரணம் உண்டு. முளைத்த தேங்காய்க்குள் பருத்து வளரும் தேங்காய்ப் பூ, பருப்பில் உள்ள உணவைக் கரைத்துக் கன்றுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். ஓராண்டு அளவுக்குக் கன்று பெரிதும் அந்தச் சேமிப்பில்தான் வாழ்கிறது. சேமிப்பு தீர்ந்து, தன் வேரை மட்டுமே நம்ப வேண்டிய இரண்டாம் குளிர்காலம்தான் அதற்கு உண்மையான சோதனை. உங்கள் கன்று தோற்றதில் உங்கள் பராமரிப்புக் குறை எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. நானும் மூன்று தென்னங்கன்றுகளை ஒன்றன்பின் ஒன்றாக இதே வகையில் இழந்திருக்கிறேன். மூன்றாவதை வெளியே எடுத்து வேரைக் கழுவிப் பார்த்த பிறகுதான் எனக்கு இது விளங்கியது. வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய வேர்நுனிகள் எல்லாம் பழுப்பாகி, விரலால் இழுத்தால் மேல்தோல் மட்டும் உருவிக்கொண்டு வந்தது.

கேள்வி: அப்படியானால் எந்தெந்தப் பனைகளை வைக்கலாம்? வெப்பமண்டலத் தோற்றம் வேண்டும், ஆனால் ஆண்டுதோறும் கன்று வாங்கிச் சாகக் கொடுக்க மனமில்லை.

ஒரு பனையின் சொந்த நாடு எது என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்த நாட்டில் எந்த உயரத்தில், எத்தகைய மண்ணில், ஆண்டின் எந்தப் பருவத்தில் மழை பெறும் இடத்தில் அது வளர்கிறது என்று கேளுங்கள். வெப்பமண்டலத்தில் பிறந்தது என்பதாலேயே ஒரு மரம் வெப்பத்தைக் கேட்கும் என்று பொருளாகாது. கொலம்பியாவின் தேசிய மரமான மெழுகுப்பனை, ஆண்டிஸ் மலைகளில் 2000 மீட்டருக்கு மேல், மூடுபனி தவழும் சரிவுகளில் வளர்கிறது. 60 மீட்டர் வரை உயர்ந்து, பனைகளிலேயே மிக நெடியது என்ற பெயரைப் பெற்றிருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் பிறந்த அந்த மரத்தைச் சூடான இரவுகளே வாட்டிவிடும்.

மடகாஸ்கர் தீவு இதற்கு இன்னும் நல்ல பாடம். அதன் கிழக்குக் கரை ஆண்டு முழுவதும் நனையும் மழைக்காடு. மேற்கு, புல்வெளியும் நீண்ட வறட்சியும் கொண்டது. தெற்கு, முட்காடுகள் நிறைந்த வறண்ட நிலம். நடுவில் குளிர்ந்த மேட்டுநிலம். நாற்றங்கால்களில் அரிக்கா பாம் என்று விற்கப்படும் மஞ்சள் காம்புப் பனை கிழக்கைச் சேர்ந்தது. (அரிக்கா என்பது உண்மையில் நம் கமுகின் பேரினப் பெயர், இந்தப் பனை கமுகு அன்று.) மூன்று வரிசையாக மட்டைகளை விரிக்கும் முக்கோணப் பனையோ, தீவின் தென்கிழக்கில் மழைக்காடும் முட்காடும் சந்திக்கும் குறுகிய பகுதியைச் சேர்ந்தது. இரண்டும் நெருங்கிய உறவினங்கள்; நீண்ட காலம் டிப்சிஸ் என்ற பேரினத்தில் இருந்து, 2022-இல் கிறிசாலிடோகார்ப்பஸ் என்ற பேரினத்துக்குச் சேர்த்தே மாற்றப்பட்டவை. ஆயினும் உங்கள் தோட்டத்தில் முதலாவது ஒவ்வொரு குளிர்காலத்திலும் புள்ளி விழுந்து மஞ்சளாகி, வெயில் வந்த பிறகு மெல்லத் தேறும். இரண்டாவது வறட்சியையும் குளிர்ந்த இரவுகளையும் பெரிதாகப் பொருட்படுத்தாமல் நிற்கும்.

மேற்கு மடகாஸ்கரின் பிஸ்மார்க் பனை, வெள்ளிச் சாம்பல் நிறத்தில் அகன்ற விசிறி ஓலைகளை விரிக்கும் கம்பீரமான மரம். முழு வெயிலும் வடிகாலும் போதும். உறைநிலையைச் சற்றுத் தாண்டிய குளிரையும் வெள்ளி நிற வகை தாங்கும், பச்சை நிற வகைக்கு அந்தத் திறன் குறைவு. ஆனால் வேரைக் கலைப்பது அதற்கு அறவே ஆகாது. ஆகவே சிறு கன்றாகவே வாங்கி, ஒரே முறை நட்டு, பிறகு அதை இடம் மாற்ற நினைக்காதீர்கள். நிழலான இடத்துக்கு, ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே கடலில் உள்ள லார்ட் ஹோவ் தீவின் கென்டியா பனையைவிடப் பொருத்தமானதை நான் அறியேன். மிதமான குளிரிலேயே பிறந்து வளர்ந்த அது, உங்கள் குளிர்காலத்தைக் குளிராகவே கருதாது. சுட்டெரிக்கும் உலர்ந்த வெயில்தான் அதற்கு ஆகாது. கிழக்கு ஆஸ்திரேலியாவின் ஆர்க்கான்டோஃபீனிக்ஸ் கன்னிங்ஹாமியானா, தூக்கி வைத்தாற்போன்ற பச்சைக் கழுத்தும் வளைந்த மட்டைகளுமாக, நீங்கள் விரும்பும் வெப்பமண்டலத் தோற்றத்தை விரைவாகவே தந்துவிடும். கோடையில் நீரை மட்டும் குறைக்கக் கூடாது. பொறுமை உள்ளவர்களுக்கு நியூ கலிடோனியாவின் சாம்பெரோனியா மாக்ரோகார்ப்பாவைப் பரிந்துரைக்கிறேன். ஆண்டுக்கு ஓரிரு ஓலைகளே விடும். ஆனால் ஒவ்வொரு புது ஓலையும் செந்நிறத்தில் விரிந்து பத்து நாள்போல் அந்த நிறத்தில் நின்று பிறகு பச்சையாகும் காட்சிக்காக அந்தப் பொறுமை முழுவதையும் செலவிடலாம்.

மொரீஷியசை அடுத்த ரவுண்ட் தீவின் புட்டிப் பனை எல்லைக்கோட்டில் நிற்பது. நடவே வேண்டுமென்றால் மிகச் சூடான மூலையைக் கொடுங்கள். ரோட்ரிக்ஸ் தீவைச் சேர்ந்த அதன் உறவான கதிர்ப்பனை சற்று உறுதியானது. கமுகு, மணிலாப் பனை, வட்ட ஓலை லிக்குவாலா, செந்தண்டுப் பனை ஆகியவற்றை மண்ணில் நட வேண்டாம்.

கேள்வி: எங்கே, எப்போது, எப்படி நட வேண்டும்? எங்கள் மண் களிமண்.

எப்போது என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலர் தவறுவது அங்கேதான். கோடை வறண்ட இடங்களில் பெரும்பாலான மரங்களை மழைக்கு முன், குளிர் தொடங்கும்போது நடுவது நல்ல வழக்கம். வெப்பமண்டலப் பனைகளுக்கு அது நேர் எதிரானது. பனைக்கு ஆணிவேர் நிலைப்பதில்லை. தூரின் அடியிலிருந்து புதிது புதிதாக வேர்கள் கிளம்பிக்கொண்டே இருக்கும். அந்த வேர்கள் கிளம்ப மண் சூடாக இருக்க வேண்டும். ஆகவே இளவேனில் முடிந்து, இரவிலும் மண்ணில் கையை வைத்தால் குளிர்ச்சி தெரியாத காலத்தில் நட்டால், அடுத்த குளிர்காலத்துக்கு முன் ஐந்தாறு மாதச் சூடு கிடைக்கும்.

இடம் என்று பார்த்தால், நண்பகல் வெயில் விழும் பக்கத்துச் சுவரை ஒட்டிய இடமே சிறந்தது. கல்லும் செங்கல்லும் பகலில் உண்ட வெப்பத்தை இரவில் மெல்ல விடும். பள்ளமான பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். குளிர்ந்த காற்று கனமானது, நீரைப் போலவே பள்ளத்தைத் தேடி வந்து தேங்கும். உயர்ந்த மரக்கிளைகளின் கீழ் நிற்கும் கன்றுக்கு, திறந்த வானத்தின் கீழ் நிற்கும் கன்றைவிட இரவு இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் கிடைக்கும்.

இனி களிமண். ஒரு முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டி, நீரை நிரப்பி வடிய விட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்கள். மணிக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டராவது நீர் இறங்கினால் கவலையில்லை. அதற்கும் குறைவென்றால், பலரும் செய்வதுபோல் குழியை இன்னும் பெரிதாக்கி மணலும் தொழுவுரமும் கொட்டி நிரப்பாதீர்கள். சுற்றிலும் களிமண் இருக்க நடுவில் மட்டும் இளகிய மண் இருந்தால், அது மழைநீரை வாங்கி வைத்துக்கொள்ளும் தொட்டியாகவே மாறும். அதற்குப் பதில், மேட்டின் மேல் நடுங்கள். இரண்டு மூன்று அடி உயரமும் ஆறேழு அடி அகலமும் உள்ள மண்மேடு ஒன்றை, கரடுமுரடான மணலும் சரளையும் கலந்த தோட்ட மண்ணால் அமைத்து, கன்றின் தாய்மண் உடையாமல், தொட்டியில் இருந்த அதே ஆழத்தில் நட வேண்டும். மேட்டில் நீர் தேங்காது என்பது ஒரு பயன். மேடு எல்லாப் பக்கமும் வெயிலை வாங்கித் தரையைவிடச் சீக்கிரம் சூடேறும் என்பது அதனினும் பெரிய பயன். நீர் நிறைந்த மண் சூடேறுவதற்கு மிகுந்த வெப்பம் கேட்கும். வடிந்த மண் குறைந்த வெயிலிலேயே சூடாகிவிடும். குளிர்ந்த இடத்தில் வடிகால் என்பது வெப்பத்துக்கான ஏற்பாடும் ஆகும்.

சற்று ஆழமாக நட்டால் காற்றுக்கு அசையாது என்று எண்ணித் தூரை மண்ணில் புதைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வேர்கள் மூச்சுவிட முடியாமல் இரும்புச்சத்தை எடுக்கும் திறன் இழந்து, சில ஆண்டுகளில் புது ஓலைகள் வெளிறி வருவதற்கு இதுவே காரணமாகும்.

கேள்வி: காற்று மிகவும் உலர்ந்திருப்பதால் தினமும் இரண்டு முறை ஓலைகளில் நீர் தெளிக்கிறேன். ஆனாலும் கீற்றுகளின் நுனி காய்ந்து பழுப்பாகிறது. இன்னும் அடிக்கடி தெளிக்கலாமா?

தெளிப்பதை நிறுத்திவிடுங்கள். தெளித்த நீர் சில நிமிடங்களில் ஆவியாகிவிடும். அது ஏற்றும் ஈரப்பதமும் அத்தோடு கலைந்துபோகும். நீரில் இருந்த உப்பு மட்டும் ஓலையில் தங்கும். நுனி காய்வதற்குப் பெரும்பாலும் காற்று காரணமன்று, மண்ணில் சேர்ந்த உப்பே காரணம். வறண்ட இடங்களின் பாசன நீரில் பெரும்பாலும் கரைந்த உப்பு மிகுதியாக இருக்கும். நீங்கள் நாள்தோறும் சிறிது சிறிதாக நீர் ஊற்றும்போது, செடி நீரை எடுத்துக்கொண்டு உப்பை மண்ணிலேயே விட்டுவிடுகிறது. கோடை முழுவதும் மழை இல்லாததால் அதைக் கழுவ ஒன்றும் இல்லை.

ஆகவே ஊற்றும் முறையை மாற்றுங்கள். அடிக்கடி சிறிதாக ஊற்றுவதற்குப் பதில், இடைவெளி விட்டு, வேர்ப்பகுதி முழுவதையும் தாண்டி ஆழமாக இறங்கும்படி ஊற்றுங்கள். கோடையில் மாதம் ஒரு முறையாவது வழக்கத்தைப்போல் இரு மடங்கு நீரை மெதுவாக விட்டு உப்பைக் கீழே தள்ளுங்கள். சொட்டுநீர்ப் பாசனம் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும், ஏனெனில் சொட்டுவான் நனைக்கும் வட்டத்தின் விளிம்பில்தான் உப்பு சேர்கிறது. மரம் வளர வளரச் சொட்டுவான்களைத் தூரிலிருந்து தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். குளிர்கால மழையைத் தொட்டியிலோ பீப்பாயிலோ பிடித்து வைக்க முடிந்தால், இளங்கன்றுகளுக்கு அதைவிட நல்ல நீர் இல்லை.

காற்றின் உலர்வைக் குறைக்க விரும்பினால், பனைகளைத் தனித்தனியே நிறுத்தாமல் நெருக்கமாக நட்டு, காற்று வீசும் பக்கத்தில் ஓர் உயிர்வேலி வையுங்கள். ஓலைகள் ஒன்றுக்கொன்று நிழலும் ஈரமும் கொடுக்கும். அந்தக் கூட்டத்துக்குள் கையை விட்டாலே வேறுபாடு தெரியும். தூரைச் சுற்றி ஒரு சாணளவு இடத்தை வெறுமையாக விட்டு, அதற்கு அப்பால் நான்கு விரற்கடை கனத்துக்கு மரச்சீவலோ சருகோ மூடாக்காகப் பரப்புவதும் கோடையில் மிகுந்த பயன் தரும்.

கேள்வி: குளிர்காலம் முடிந்ததும் வந்த புது ஓலை குட்டையாகி, கருகிச் சுருண்டாற்போல் இருக்கிறது. இன்னொரு மரத்தில் புது ஓலை நன்றாக இருக்க, அடி ஓலைகள் மஞ்சளாகின்றன. இரண்டுக்கும் ஒரே உரம் போதுமா?

போதாது. பனையில் குறை எந்த ஓலையில் தெரிகிறது என்பதே நோயறிதலில் பாதி. புது ஓலை சிறுத்துச் சுருண்டு கருகி வருவது மாங்கனீசுப் பற்றாக்குறையின் அடையாளம். மண்ணில் மாங்கனீசு இருந்தாலும் குளிர்ந்த வேர் அதை எடுக்காது. குளிர்காலத்தில் குருத்துக்குள் உருவான ஓலை, பல வாரம் கழித்து வெளியே வரும்போதுதான் அந்தப் பட்டினி நமக்குத் தெரிகிறது. மண் சூடேறிய பின் வரும் அடுத்த ஓலை நலமாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அதுவும் சுருண்டு வந்தால், உங்கள் மண் காரத்தன்மை மிகுந்தது என்று கொண்டு, மாங்கனீசு சல்பேட்டை அளவறிந்து மண்ணில் இடுங்கள்.

அடி ஓலைகளில் மஞ்சளோ செம்மஞ்சளோ புள்ளிகளாகத் தோன்றி, நுனியிலிருந்து காய்ந்து வந்தால் சாம்பல்சத்துக் (பொட்டாசியம்) குறை. ஓலையின் நடு பச்சையாக நிற்க விளிம்பு மட்டும் அகன்ற மஞ்சள் பட்டையானால் மக்னீசியக் குறை. இரண்டும் ஒரே மரத்தில் சேர்ந்தும் வரும். புல்தரைக்கான தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரம் பனையின் தூர்வரை எட்டுவது இதை இன்னும் மோசமாக்கும், ஏனெனில் தழைச்சத்து வளர்ச்சியைத் தூண்டத் தூண்ட, இருக்கும் சாம்பல்சத்து அத்தனை ஓலைகளுக்கும் பங்கிடப்பட்டு நீர்த்துப் போகும். புளோரிடா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் பனைகளுக்கென்று பரிந்துரைக்கும் உர விகிதம் 8-2-12 (தழை, மணி, சாம்பல் சத்துகள் இந்த வரிசையில்), அதோடு 4 பங்கு மக்னீசியம், நுண்ணூட்டங்களும். தழையும் சாம்பலும் மக்னீசியமும் மெதுவாகக் கரையும் வடிவில் இருக்க வேண்டும். நான் இதே விகிதத்தைத்தான் பின்பற்றுகிறேன், மண் சூடாக இருக்கும் மாதங்களில் மட்டும். குளிர்ந்த மண்ணில் இட்ட உரம் உப்பாகவே தங்கும்.

மஞ்சளான அடி ஓலைகள் அழகைக் கெடுக்கின்றன என்று வெட்டிவிடாதீர்கள். மரம் அவற்றிலிருந்து சாம்பல்சத்தை உருவி மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறது. அவற்றை வெட்டினால் மஞ்சள் அடுத்த வரிசைக்கு ஏறும்.

கேள்வி: குளிரில் கருகிய ஓலைகளை உடனே வெட்டலாமா?

கூடாது. பாதி கருகிய ஓலையும் உணவு தயாரிக்கும், கீழே உள்ள குருத்துக்கும் போர்வையாகும். இரவுகள் நிலையாகச் சூடான பிறகு, முழுவதும் காய்ந்ததை மட்டும் நீக்குங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சை மட்டையடியை வலிந்து உரித்தால், அந்தப் புண்ணின் வழியே இளஞ்சிவப்பு அழுகல் என்ற பூஞ்சை நோய் நுழையும். குளிரில் சோர்ந்த மரங்களையே அது தேடிப் பிடிக்கிறது.

கேள்வி: நடுக்குருத்தை இலேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. அடியில் அழுகிய நாற்றம். மரம் இறந்துவிட்டதா?

இந்தக் கடிதத்தைப் படித்தபோது உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகவே புரிந்தது. பனைக்கு வளர்முனை ஒன்றே ஒன்றுதான். ஒற்றைத் தண்டுப் பனையில் அது அழிந்தால் மரமும் அழியும். ஆனால் குருத்து கழன்று வருவதாலேயே வளர்முனை அழிந்துவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். குருத்தின் அடியில் உள்ள மிக மென்மையான பகுதி முதலில் அழுகுகிறது. வளர்முனை அதற்கும் கீழே, மட்டையடிகளால் மூடப்பட்டு, பல சமயம் நலமாகவே இருக்கும்.

கழன்ற குருத்தை முழுவதும் எடுத்துவிட்டு, உள்ளே கூழான திசுவைத் தண்டு நுனிப்பக்கமாகச் சுரண்டாமல் மெல்லத் துடைத்தெடுங்கள். வளர்ப்பவர்கள் பலர் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறிது ஊற்றுவார்கள். அழுகல் உள்ள இடத்தில் அது நுரைத்துப் பொங்கும். பிறகு தலையில் தேங்கிய நீரை வடித்துவிட்டு, தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லியைச் சீட்டில் கண்ட அளவில் தெளித்து, ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறுமுறை தெளியுங்கள். அதற்கு மேல் தாமிரத்தைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது மரத்துக்கே நஞ்சாகும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, கொண்டைக்குள் மழையோ பாசன நீரோ இறங்காமல் ஒரு சாய்ந்த கூரையை மேலே அமைப்பது. காற்று மட்டும் தாராளமாக வர வேண்டும். தூரில் நீரைக் குறைத்துவிடுங்கள், உரம் வேண்டாம்.

பிறகு காத்திருக்க வேண்டும். மண் சூடாகும் வரை எந்த அசைவும் தெரியாது. நடுவில் ஏதாவது முனை தெரிந்தால், அதன் மேலும் பக்கத்து மட்டையின் மேலும் ஒரே நேர்கோட்டில் மையால் கோடு போட்டு வையுங்கள். சில வாரங்களில் இரண்டு கோடுகளும் விலகினால் மரம் வளர்கிறது என்று உறுதியாகும். முதலில் வரும் ஓலை பாதி அறுந்தோ, கீற்றுகள் ஒட்டியோ வரக்கூடும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். மூன்றாவது ஓலை பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். எனக்கு ஒரு முக்கோணப் பனை குருத்திழந்து எட்டு மாதம் கழித்துப் பச்சை முனை காட்டியது. அதுவரை அதைப் பிடுங்காமல் விட்டதற்கு இன்றும் மகிழ்கிறேன்.

கேள்வி: கண்ணாடிக் கூடத்தில் வளர்ந்த கன்றை வாங்கி வந்து வெயிலில் வைத்தேன். நான்கே நாளில் ஓலைகள் வெண்மையாக வெந்துவிட்டன.

நிழலிலும் ஈரக்காற்றிலும் விரிந்த ஓலை மெல்லியது. அதைப் பிறகு வெயிலுக்குத் தகுந்ததாக மாற்ற முடியாது, வெயிலிலேயே விரியும் புது ஓலைதான் அதற்கு ஏற்ற தடிப்போடு வரும். எனவே கன்றை முதலில் அடர்ந்த நிழல்வலையின் கீழும், பிறகு காலை வெயில் மட்டும் படும் இடத்திலும் வைத்து, இரண்டு மூன்று புது ஓலைகள் வரும்வரை படிப்படியாக வெளிச்சத்தைக் கூட்டுங்கள். தொட்டியைத் திருப்பித் திருப்பி வைக்காதீர்கள். வெந்த ஓலை மீண்டும் பச்சையாகாது. கன்று மட்டும் பிழைத்துக்கொள்ளும்.

கேள்வி: சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓரிரவு மட்டும் உறைபனி எச்சரிக்கை வருகிறது. அன்று என்ன செய்வது?

வறண்ட காற்றுள்ள இடங்களில் இந்த ஓரிரவு எதிர்பார்த்ததைவிடக் கடுமையாகிவிடுவது உண்டு. காற்றில் ஈரம் இருந்தால், இரவில் அது பனித்துளியாகப் படியும்போது வெப்பத்தை வெளிவிட்டுக் குளிர்வதைத் தடுக்கும். ஈரமில்லாத காற்றில் அந்தத் தடை இல்லை, மேகமற்ற வானத்தை நோக்கித் தரையும் ஓலையும் வெப்பத்தை இழந்துகொண்டே போகும். ஆகவே முன்னறிவிப்பில் பனிப்புள்ளி (காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) மிகத் தாழ்ந்திருந்து, காற்றும் அசையாமல், வானம் தெளிவாக இருந்தால், சொன்ன எண்ணைவிட இரண்டு மூன்று டிகிரி குறையும் என்றே கொள்ளுங்கள்.

அன்று காலையில் தூரைச் சுற்றியுள்ள மூடாக்கை ஒதுக்கி, மண் உலர்ந்திருந்தால் நனைத்து வையுங்கள். மூடாக்கு வெயிலை மண்ணுக்குள் விடாது, இரவில் மண்ணின் சூட்டை மேலே வரவும் விடாது. ஈரமான வெறும் மண்ணோ பகலில் வெப்பத்தைச் சேர்த்து இரவில் திருப்பித் தரும். மாலையில் நான்கு கழி நட்டு, துணியை ஓலையின் மேல் அழுத்தாமல், ஓரங்கள் தரையைத் தொடும்படி கூடாரமாகப் போர்த்துங்கள். தண்டில் மட்டும் துணியைச் சுற்றுவதால் பயனில்லை, ஏனெனில் நாம் பிடித்துவைக்க விரும்பும் சூடு தரையிலிருந்து வருவது. நெகிழித்தாள் ஓலையைத் தொட்டால், தொட்ட இடமெல்லாம் கருகும். உள்ளே பழைய வகை இழை விளக்கு ஒன்றைத் துணியில் படாமல் எரியவிட்டால் இன்னும் நல்லது. இக்கால எல்இடி விளக்கு போதிய சூடு தராது. விடிந்து வெயில் ஏறியதும் போர்வையை நீக்கிவிட வேண்டும்.

கேள்வி: எத்தனை முறை தோற்றாலும் செந்தண்டுப் பனை மீதான ஆசை விடவில்லை. வழியே இல்லையா?

மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ ஆகிய இடங்களின் சதுப்புக் காடுகளில் பிறந்த அந்தப் பனையின் சிவப்புக்கு இணையான சிவப்பு எந்தத் தண்டிலும் இல்லை, ஆகவே உங்கள் ஆசையைக் குறை சொல்ல என்னால் முடியாது. மண்ணில் நடுவதற்கு வழியில்லை. ஆனால் தொட்டியில், வெளிச்சம் நிறைந்த கண்ணாடி அறையில், இரவு வெப்பநிலை 18 டிகிரிக்குக் கீழ் இறங்காமல் பார்த்துக்கொண்டால் வளர்க்கலாம். மற்றப் பனைகளுக்கு நான் சொன்ன வடிகால் விதிக்கு இது விலக்கு: சூடாக இருக்கும்வரை தொட்டியின் அடி ஒரு தட்டு நீரில் நிற்பதையே இது விரும்பும். அந்த நீர் மழைநீராகவோ உப்பு நீக்கிய நீராகவோ இருக்கட்டும். தொட்டியைக் குளிர்ந்த தரைக்கல்லில் வைக்காமல், விதை முளைக்க வைக்கும் சூடேற்றும் விரிப்பின் மேல் வைத்து, மண்ணுக்குள் ஒரு வெப்பமானியைச் செருகி 25 டிகிரியை ஒட்டி நிறுத்துங்கள். வெப்பமூட்டிய அறையின் உலர்ந்த காற்றில் ஓலையின் அடிப்பக்கம் சிவப்புச் சிலந்திப்பேன்கள் மிக விரைவில் பெருகும். வாரம் ஒரு முறை ஈரத்துணியால் ஒவ்வொரு கீற்றின் அடிப்பக்கத்தையும் துடைத்து வந்தாலே போதும்.

கோடையில் அதை வெளியே கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரவும் 20 டிகிரிக்கு மேல் நிலைக்கும் வாரங்களில் மட்டும், காற்று படாத நிழலில் வையுங்கள். முதல் குளிர்ந்த இரவுக்கு முன்பே உள்ளே எடுத்துவிடுங்கள்.